நாற்பது சென்ட் நிலமும் நாலு ஸ்பேஸும்

மகளை எங்கே சேர்ப்பது என்று ஆலோசனை கேட்க, செய்யாறு பக்கத்திலிருந்து போன வாரம் ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா மாவு மில் வைத்திருக்கிறார். அவசரமாகக் கிளம்பி வந்திருக்க வேண்டும், காதோரம் மாவு ஒட்டியிருந்தது. அம்மா, ப்ளஸ் டூ முடித்த மகள், சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் தாய்மாமன் என்று மொத்தம் நான்கு பேர். முதலில் பேசியது தாய்மாமன் மட்டும்.

பெண்ணுக்கு கட்-ஆஃப் 141. கவுன்சிலிங்கில் நினைத்த கல்லூரி கிடைக்காது. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் 'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்' சீட் பேசி வைத்திருக்கிறார் மாமா. வருடத்துக்கு மூன்றேகால் லட்சம், நாலு வருடத்துக்கு 13 லட்சம். ஹாஸ்டல் தனி. பணத்துக்கு வழி? ரோட்டோரம் இருக்கும் 40 சென்ட் இடத்தை விற்பது. பெண் உள்ளூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். அங்கே இடம் கிடைத்துவிட்டது. "சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க சார், அக்கா பையன் பி.இ., இவ மட்டும் பி.எஸ்சி.யா?" என்றார் மாமா.

பயப்பட ஒன்றுமில்லை, பிள்ளை எங்கே படித்தாலும் நன்றாக வரும் என்று முதல் ஐந்து நிமிடம் வழக்கமான ஆறுதலைச் சொன்னேன். அப்புறம் பெண்ணிடம் திரும்பி, "நீ சும்மா இருக்கும்போது என்னம்மா செய்வே?" என்று கேட்டேன். அவள் போனை நீட்டினாள். ஓரத்தில் விரிசல் விட்ட திரை. மில்லுக்கு யார் எத்தனை கிலோ அரிசி, மிளகாய் கொண்டுவந்தார்கள், யார் எவ்வளவு பாக்கி என்று கணக்குப் போடும் ஒரு நிரல், பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதியது. கிட்டத்தட்ட 200 வரி. "போன்ல ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி நாலு ஸ்பேஸ் விடறதுதான் சார் கஷ்டம். ஒண்ணு குறைஞ்சாலும் எர்ரர் காட்டுது." அப்பாவின் கணக்கு நோட்டில் விட்டுப்போன 640 ரூபாயை அந்த நிரல்தான் கண்டுபிடித்ததாம். அப்பா முதல்முறையாகச் சிரித்தார்.

அதோடு என் ஆறுதல் முடிந்தது.

நிலத்தை விற்காதீர்கள். மாமா முகம் மாறும் என்று தெரிந்தே சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். மில் ஓடாத மாதங்களில் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த 40 சென்ட்தான். முதல் வருடத்துப் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கணிதம், இயற்பியல், புரோகிராமிங் அடிப்படை என்று எல்லா பி.இ.யிலும் இருப்பதுதான் பெரும்பாலும் இருக்கும். படிப்பின் பெயரில் 'ஏ.ஐ.' என்று சேர்த்ததற்காக 13 லட்சமா? சில கம்பெனிகள் பி.இ. மட்டும் கேட்கும் என்பது உண்மை, அதை நான் மறைக்கவில்லை. அந்தக் கதவு வேண்டுமென்றால் பி.எஸ்சி. முடித்துவிட்டு டான்செட் அல்லது நிம்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. போகலாம். அந்த வழியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை.

யாரும் சொல்லாத ஒன்றைத்தான் அன்று ஒரு மணி நேரம் பேசினேன். அதன் பெயர் பைகான். பைத்தான் மொழியில் எழுதுபவர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாடு. "கான்ஃபரன்ஸா? அது பெரிய ஆளுங்களுக்குத்தானே?" என்றார் மாமா. அதன் வரலாறு தெரிந்தால் அப்படிச் சொல்லமாட்டார்.

1994 நவம்பரில் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், அளவீட்டுத் தரங்களைக் கவனிக்கும் ஓர் அரசு ஆய்வு நிறுவனத்தில் சுமார் 20 பேர் கூடினார்கள். நம் ஊர் மொய் விருந்தில் ஒரு பந்திக்குக்கூடக் காணாத கூட்டம். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்திருந்தார். அடுத்த வருடமே வர்ஜீனியாவில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அந்த மொழியைப் படைத்தவருக்கே ஒரு சின்னக் கூட்டம்தான் வழி திறந்தது.

அந்தக் கூட்டங்கள் வளர்ந்தன, கூடவே கட்டணமும் வளர்ந்தது. 2002இல் வெளியார் நிறுவனம் ஒன்று நடத்திக்கொடுக்கும் விலையுயர்ந்த நிகழ்ச்சியாக அது மாறியிருந்தது. கை காசு போட்டு வருகிற சாதாரண ஆட்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் ஸ்டீவ் ஹோல்டன் என்பவர் முன்னின்று, 2003 மார்ச்சில் வாஷிங்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழக அரங்கில் குறைந்த கட்டணத்தில் தாங்களே ஒரு மாநாடு நடத்தினார்கள். பைகான் என்ற பெயர் அப்போது வந்ததுதான். இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். செலவு தாங்காமல் பிறந்த மாநாடு அது. மாமாவிடம் இதை இரண்டு முறை சொன்னேன்.

அப்புறம் டல்லாஸ், சிகாகோ, அட்லாண்டா என்று ஊர் ஊராகப் போனது. 2008இல் ஆயிரத்தைத் தாண்டியது, 2012இல் இரண்டாயிரத்தை. ஆனால் 2008இல் சிகாகோவில் ஒரு தப்பு நடந்தது. பணம் கொடுத்த ஸ்பான்சர்களுக்கு மேடையில் நேரம் ஒதுக்கினார்கள். விளம்பரம் கேட்கவா டிக்கெட் எடுத்து வந்தோம் என்று வந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அமைப்பாளர்கள் தவறை ஒப்புக்கொண்டு அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். பேச்சாளர்களும் அமைப்பாளர்களும்கூட நுழைவுக் கட்டணம் கட்டியே வரவேண்டும், முடியாதவர்களுக்கு உதவித்தொகை உண்டு என்பது அங்கே நெடுங்காலம் இருந்த வழக்கம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், என்னிடம் வந்த ஒரு பையனை 'சர்வதேச மாநாடு' என்று பேனர் போட்ட ஒன்றுக்கு அனுப்பினேன். ஐயாயிரம் ரூபாய், ஒரு பை, ஒரு சான்றிதழ், மதியம் பிரியாணி. கேள்வி கேட்கக்கூட யாரும் விடவில்லையாம். அந்தச் சான்றிதழை எந்த இன்டர்வியூவிலும் ஒருவரும் கேட்டதில்லை என்று அவன் பிறகு சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அதிலிருந்து நான் பார்ப்பது இரண்டே விஷயம். யார் வேண்டுமானாலும் பேச விண்ணப்பிக்க முடிகிறதா? பேச்சுகளை வீடியோவாக இலவசமாக வெளியிடுகிறார்களா? பைகானில் இரண்டும் உண்டு. பல வருடத்துப் பேச்சுகள் யூடியூபில் கிடக்கின்றன. ஒரு பைசா செலவில்லாமல் அந்தப் பெண் செய்யாறில் இருந்தே பார்க்கலாம்.

அங்கே என்னதான் நடக்கும்? பெரிய பேச்சுகளை விடுங்கள், அவை வீடியோவில் இருக்கின்றன. எனக்குப் பிடித்தவை வேறு இரண்டு. ஒன்று, லைட்னிங் டாக் என்ற ஐந்து நிமிடப் பேச்சு. அங்கேயே பெயர் கொடுத்துவிட்டு மேடை ஏறலாம், நேரம் முடிந்தால் இறங்கிவிட வேண்டும். 2013இல் சான்டா கிளாராவில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் அப்படித்தான் ஐந்து நிமிடம் ஏறி, தன் சின்னக் கம்பெனியில் செய்த ஒரு கருவியைக் காட்டினார். அதுதான் டாக்கர், ஒரு மென்பொருளை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் பொட்டலம் கட்டி எந்தக் கணினியிலும் ஓட வைக்கும் கருவி. மாமாவின் கம்பெனியில் தினமும் பயன்படுத்துகிறார்களாம், அவரே சொன்னார். இந்தக் கதை மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, ஸ்பிரின்ட். பேச்சு நாட்கள் முடிந்ததும் ஒரு கூட்டம் கிளம்பாமல் தங்கிவிடும். மேஜைக்கு மேஜை ஒரு தாளில் மென்பொருளின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். நடுவே எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வயர்களும் பின்னிக் கிடக்கும். உலகமே பயன்படுத்தும் ஒரு நிரல் தொகுப்பை எழுதியவர் பக்கத்து நாற்காலியில் இருப்பார். புதிதாக வந்தவருக்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் சின்ன வேலைதான்: விளக்கக் குறிப்பில் ஒரு தப்பான வரி, விட்டுப்போன ஒரு சோதனை. அதைத் திருத்தி அனுப்பினால், அதைப் பராமரிப்பவர் படித்துப் பார்த்து 'இங்கே மாற்று' என்பார். மாற்றி அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டால் அந்தத் திருத்தம் அவள் பெயரோடு பொதுவில் நிற்கும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், கல்லூரியின் பெயர் அதில் இருக்காது. மார்க் ஷீட்டில் 78 என்று எண் மட்டும் இருக்கும். இங்கே அவள் என்ன யோசித்தாள், எப்படி பதில் சொன்னாள், திட்டு வாங்கியபோது என்ன செய்தாள் எல்லாம் இருக்கும். ஆள் எடுப்பவர் இதை ஐந்து நிமிடம் படித்தாலே போதும்.

அமெரிக்காவுக்குப் போகச் சொல்லவில்லை, அம்மா பயந்துவிட்டார். 2009 செப்டம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நம் நாட்டுப் பைகான் தொடங்கியது. புனே, டெல்லி, ஐதராபாத் சுற்றி 2019இல் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கே வந்தது. 2024இல் மறுபடி பெங்களூரு. நடத்துவது எல்லாம் தன்னார்வலர்கள். மாணவர்களும் அந்த வேலைகளில் சேரலாம். இதன் பின்னால் இருக்கும் இந்திய பைத்தான் சங்கத்தின் முதல் தலைவர் கென்னத் கொன்சால்வெஸ், ஊட்டியில் இருந்துகொண்டே வேலை பார்த்த மனிதர். 2012இல் அவர் இறந்த பிறகு அவர் பெயரில் ஒரு விருது கொடுக்கிறார்கள். பெருநகரத்தில் இருந்தால்தான் முடியும் என்பவர்களுக்கு நான் எப்போதும் அவரைச் சொல்வேன்.

"பொண்ணு, அதுவும் தமிழ் மீடியம். அங்க எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுவாங்க." இது அப்பாவின் கவலை. நியாயமானது. முதல் பாதிக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்க பைகானில் 2011இல் பெண்கள் கொடுத்த பேச்சுகள் நூற்றுக்கு ஒன்று. 2014இல் 33. யாரும் தானாக வந்துவிடவில்லை. பெண்களைத் தேடிப் போய் விண்ணப்பிக்கச் சொன்னார்கள், நடத்தை விதிகளை எழுதி வைத்தார்கள், பைத்தான் எழுதும் பெண்களுக்கான பைலேடீஸ் என்ற குழு ஊர் ஊராகப் பரவியது. மொழிக் கவலைக்கு ஒரு வழி: செய்யாறுக்குப் பக்கத்தில் காஞ்சிபுரத்திலேயே, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்களின் குழு ஒன்று இருக்கிறது, தமிழிலேயே பேசுகிறார்கள். அங்கே ஆறு மாதம் காது கொடுத்துக் கேட்கட்டும். சென்னையில் பைத்தான் குழு மாதத்தின் நாலாவது சனிக்கிழமை கூடுவது வழக்கம், காலை பஸ் பிடித்தால் போய்வந்துவிடலாம். இங்கிலீஷ் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போவோம் என்று காத்திருந்தால் படிப்பே முடிந்துவிடும். தேவை வந்தால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும், என் அனுபவம் அதுதான்.

செலவை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அரசுக் கல்லூரிக்கு வருடத்துக்குச் சில ஆயிரம். பழைய லேப்டாப் ஒன்று, இருபதாயிரத்துக்குள். போனில் ஸ்பேஸ் எண்ணும் கொடுமை தீரட்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வர வாய்ப்பிருக்கிறது. விண்ணப்பத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அந்தப் பணத்தில் வீட்டுச் செலவு வேண்டாம், அது அவளுடைய பஸ் டிக்கெட்டும் மாநாட்டு டிக்கெட்டும்.

மாநாட்டுக்குப் போனால் வேலை கிடைத்துவிடும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறை போய்விட்டு, மீதி நாளெல்லாம் போனைத் தள்ளிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. முதல் வருடம் பார்வையாளர், இரண்டாம் வருடம் தன்னார்வலர், மூன்றாம் வருடம் ஐந்து நிமிடம் மேடை ஏற வேண்டும். இது எனக்கும் அவளுக்கும் உள்ள ஒப்பந்தம், கை குலுக்கியிருக்கிறோம். நடுவில் அவளுக்கு அலுத்துப்போனால்? அலுக்கலாம், பதினேழு வயசுதானே. மூன்று வருடம் முடித்து வேறு பக்கம் போகலாம், கடன் துரத்தாது. 13 லட்சத்தைக் கட்டிய பிள்ளையால் அலுத்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாது. அந்த மாதிரிப் பிள்ளைகள் என் எதிரே உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

மாமா கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. யோசிக்கிறோம் என்றார். சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திங்கட்கிழமையே எழுத்தில் கேட்டுத் திரும்ப வாங்கச் சொன்னேன்.

கிளம்பும்போது, அதுவரை வாயே திறக்காத அம்மா வாசலில் நின்று கேட்டார்: "அந்த பெங்களூர் கூட்டத்துக்கு நானும் கூடப் போகலாமா சார்?"

பஸ் வரைக்கும் போகலாம்மா, டிக்கெட் அவளுக்கு மட்டும் எடுங்கள் என்றேன். அவள் உள்ளே இருக்கும்போது நீங்கள் லால்பாக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.