வாசகர் கேள்வி: ஒரு மாதம் கை நிறைய வேலை, மறு மாதம் சும்மா

கேள்வி: நானும் கணவரும் கிராமத்தில் கிடைக்கிற கூலி வேலைக்குப் போகிறோம். களை எடுப்பது, வேலி கட்டுவது, கூரை மாற்றுவது, மூட்டை தூக்குவது, எது வந்தாலும் சரி. போன மாதம் அவருக்கு 22 நாள் வேலை இருந்தது. இந்த மாதம் 6 நாள்தான். வேலை இருக்கும்போது பணம் எங்கே போகிறதென்றே தெரிவதில்லை. இல்லாதபோது வட்டிக்கு வாங்குகிறோம். ஊரை விட்டே போய்விடலாம் என்கிறார் அவர். நாங்கள் ஒரு நிலைக்கு வரவே முடியாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் 22, 6 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. அதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கூலிக்குப் போகிற வீட்டில் நாளை எண்ணி வைக்கிற ஆள் ஒருவர் வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கதவுக்குப் பின்னால் சுவரில் கரிக்கட்டையால் கோடு போடுவார். அப்பா முழு நாள் வேலைக்குப் போனால் நீளக் கோடு, அரை நாள் என்றால் குட்டைக் கோடு. வேலை முடிந்தும் கூலி வராவிட்டால் கோட்டின் தலையில் ஒரு வட்டம். கூலி கைக்கு வந்த அன்று, கட்டைவிரலில் எச்சில் தொட்டு அந்த வட்டத்தை அழிப்பார். யாரிடம் எவ்வளவு நிற்கிறது, எந்த மாதம் சுவர் வெறுமையாகக் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். நீங்கள் ஒரு நோட்டில் எழுதுங்கள். இருவருக்கும் தனித்தனிப் பக்கம்.

போன ஒரு வருடத்தை இருவரும் உட்கார்ந்து, ஞாபகம் இருக்கிற வரைக்கும் மாதவாரியாக எழுதிப் பாருங்கள். உங்கள் கணவருக்கு மொத்தம் 156 நாள் வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 52 வாரம். அப்படியானால் அவருடைய வருமானம் வாரத்துக்கு 3 நாள் கூலிதான். 6 நாள் வேலை கிடைத்த வாரத்திலும் வீட்டுச் செலவுக்கு 3 நாள் கூலியைத்தான் எடுக்க வேண்டும். மிச்ச 3 நாள் கூலி, வேலை இல்லாத வாரத்துக்குச் சேர வேண்டியது. அதை அன்றைக்கே தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். பணம் எங்கே போகிறது என்று கேட்டீர்களே, நல்ல வாரத்தில் அடுத்த வாரத்துக் காசையும் சேர்த்துச் செலவழிக்கிறோம், அங்கேதான் போகிறது. முதல் சில வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். 3 நாள் கூலியை எடுத்து வைக்க முடியாவிட்டால் முதலில் அரை நாள் கூலியாவது டப்பாவுக்குப் போகட்டும்.

வட்டி விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். நூற்றுக்கு மாதம் 5 வட்டி என்றால், 20 மாதத்தில் வாங்கிய அளவு பணத்தை வட்டியாகவே கட்டியிருப்பீர்கள். அசல் அப்படியே நிற்கும். டப்பாவில் கொஞ்சம் சேர்ந்ததும், அதிக வட்டி எதுவோ அந்தக் கடனின் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

அப்புறம், கூலி பேசுவது. "நீங்களே பார்த்துக் கொடுங்க" என்று எங்கள் அப்பா சொல்லிவிட்டு வருவார். அந்த வேலைகளில்தான் சுவரில் வட்டங்கள் மாதக்கணக்கில் நிற்கும். நாள் கூலியா, மொத்தமாகப் பேசியதா, பணம் எந்த நாளில் என்று மூன்றையும் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். வேலி வேலையை மொத்தமாகப் பேசுவதென்றால் முதலில் ஒரு குழியாவது தோண்டிப் பார்க்க வேண்டும். அடியில் பாறை இருந்தால் ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுக்கும், நஷ்டம் உங்களுக்கு.

ஒரு வேலையை மட்டும் எவ்வளவு கூலி தந்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். பாழுங்கிணற்றில் சும்மா இறங்குவது. காற்றைவிடக் கனமான வாயு அடியில் தங்கியிருக்கும், வாசனையே தெரியாது. இறங்கியவரைத் தூக்கப் போனவரும் போய்விடுவார். மண்ணில் புழங்குகிறவர்கள் டெட்டனஸ் ஊசியையும் 10 வருடத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளுங்கள். அப்பா காலில் ஒரு முறை கோடாலி பட்டு, 6 வாரம் அந்தச் சுவரில் ஒரு கோடுகூட விழவில்லை.

ஊரை விட்டுப் போவது பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். நோட்டில் எந்த மாதங்கள் காலியாக இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு மாதம்தான் காலி என்றால், அந்த இரண்டு மாதம் மட்டும் அவர் வெளியூர் வேலைக்குப் போய் வரலாமே. அதற்கும் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும், வேலை தீர்ந்த பிறகு கேட்கப் போனால் கூலியைக் குறைத்துத்தான் பேசுவார்கள்.

நாலு வாரம் எழுதிய பிறகு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். கடன் எவ்வளவு, என்ன வட்டி என்பதையும் எழுதுங்கள். எதை முதலில் அடைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.