வாடகை வருகிறது, காசு எங்கே? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கிளிநொச்சியில் ஆசிரியராக இருக்கிறேன். கழிவுகளுக்கு முன் சம்பளம் 85,000 ரூபாய். மனைவிக்குச் சீதனமாக வந்த காணியில் வங்கிக் கடன் எடுத்து ஒரு வீடு கட்டினோம். நாங்கள் அம்மாவோடு இருப்பதால் அதை மூன்று மாத முற்பணம் வாங்கி 28,000க்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். பின்பக்கம் மூன்று அறைகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் நகர் வளாகத்து மாணவர்கள் அறைக்கு 9,000 தருகிறார்கள். கடன் தவணை 31,000 போக மாதம் 24,000 மிஞ்ச வேண்டும். ஆனால் இருபதாம் திகதிக்குப் பிறகு கடையில் கொப்பிக் கணக்கில், கடனுக்குத்தான் சாமான் எடுக்கிறோம். இப்போது பம்பைமடுவில், வவுனியா பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, பாதி கட்டிய வீடொன்று விலைக்கு வந்திருக்கிறது. பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. வீட்டில் சும்மா கிடக்கிற நகையை அடகு வைத்து, மிச்சத்துக்குக் கடன் எடுத்து வாங்கினால் அந்த வாடகையில் நிலைமை சீராகும் என்று நினைக்கிறேன். வாங்கலாமா? முன் வீட்டு வாடகையைத் தை மாதத்திலிருந்து 2,000 கூட்டலாமா?

க., கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

வாங்க வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 24,000ஐப் பார்ப்போம்.

மாத வாடகை 55,000. வருடத்துக்கு 660,000. பரீட்சை முடிந்து ஊருக்குப் போகிற பிள்ளைகள் அறையை விட்டுவிட்டுத்தான் போவார்கள். வருடத்தில் இரண்டு மாதம் அறைகள் பூட்டிக் கிடந்தால் 54,000 இல்லை. முன் வீட்டில் இருப்பவர்களுக்கு இடமாற்றம் வந்து ஒரு மாதம் வெறுமையாக இருந்தால் 28,000 இல்லை. மிச்சம் 578,000. தவணைக்கு 372,000 போனால் 206,000.

இனித் திருத்த வேலை. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பைப் அடைக்கும், மோட்டர் சீக்கிரம் போகும். கதவு நிலையில் கறையான் ஏறியது உள்ளே கோதான பிறகுதான் தெரியும். கார்த்திகை, மார்கழி மழைக்குக் கூரை ஒழுகினால் வாடகைக்கு இருப்பவர் இரவு பத்து மணிக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார். மாணவர் அறைகளுக்கு வருடா வருடம் பெயின்ற் அடிக்க வேண்டும். மலசலகூடக் குழி நிரம்பும். பிரதேச சபைக்குச் சோலை வரியும் (வீட்டு வரி) கட்ட வேண்டும். ஒரு வருடம் ஒன்றும் உடையாது, அடுத்த வருடம் மூன்றும் சேர்ந்து உடையும். ஆகவே உடைந்தாலும் உடையாவிட்டாலும் வருடத்துக்கு 80,000 ஒதுக்குங்கள் என்பேன். அது என் அனுபவக் கணக்கு. உங்கள் வீடு புதிது என்றால் கொஞ்சம் குறைக்கலாம்.

மிஞ்சுவது 126,000. மாதத்துக்கு 10,500. நீங்கள் 24,000 இருக்கிறதென்று நம்பிச் செலவழிக்கிறீர்கள். இடையில் நிற்கிற 13,500தான் கடைக் கொப்பியில் ஏறுகிறது. சம்பளமும் வாடகையும் ஒரே கணக்கில் விழுவதால் எது குறைந்தது என்று உங்களுக்குத் தெரியவில்லை.

முற்பணம் 84,000 எங்கே இருக்கிறது? நீங்கள் எழுதவில்லை. செலவாகிவிட்டது என்று ஊகிக்கிறேன். அது அந்தக் குடும்பத்தின் காசு தம்பி. அவர்கள் வெளிக்கிடுகிற அன்றைக்கு எண்ணிக் கொடுக்க வேண்டும். வேறு எதற்கும் முன் அதை நிரப்புங்கள்.

வாடகைக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் திறவுங்கள். அதை உங்கள் மனைவியின் பெயரில் திறப்பதுதான் முறை என்று எனக்குப் படுகிறது. காணி அவரின் சீதனம். வடக்குத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி அவருடைய தனிச்சொத்து. தவணை, திருத்தம், வரி எல்லாம் அந்தக் கணக்கிலிருந்தே போகட்டும். வீட்டுச் செலவுக்கு மாதம் 10,500க்கு மேல் அதிலிருந்து எடுக்க வேண்டாம். முதல் வருடம் அதையும் தொடாமல் முற்பணத்தை நிரப்பினால் நல்லது.

வருமான வரியை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. 2025 ஏப்ரலிலிருந்து ஒருவருக்கு வருடம் 1,800,000 வரை விலக்கு இருக்கிறது. வாடகையில் கால்வாசியைத் திருத்தச் செலவுக்கென்று கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கணக்கில் எடுப்பார்கள். முழு வாடகையையும் உங்கள் சம்பளத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறீர்கள். பற்றுச்சீட்டுகளை மட்டும் எறியாதீர்கள்.

இனிப் பம்பைமடு.

பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்றாலும் செல்லாது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வன்னியில் பாதி ஊர் குடியேற்றத் திட்டங்களில் வளர்ந்தது. அதனால் ஒரு தாளில் கையெழுத்து வைத்துக் கை மாறுவது இங்கே சாதாரணமாகிவிட்டது. காசு கொடுத்தவர் வீட்டில் இருப்பார், பெர்மிட் பழைய ஆளின் பெயரில் இருக்கும், அவர் இறந்தால் அவரின் பின்னுரித்தாளி வந்து நிற்பார். சொந்த உறுதிப்பத்திரம் உள்ள உறுதிக் காணி என்றாலாவது யோசிக்கலாம் என்று சொல்லியிருப்பேன்.

காணி சரியாக இருந்தாலும் எனக்கு இன்னொரு தயக்கம் உண்டு. உங்கள் மூன்று அறைகளும் வளாகத்தை நம்பி நிற்கின்றன. புதிய வீடும் இன்னொரு வளாகத்தை நம்பி நிற்கப்போகிறது. 2020 பங்குனியில் கொரோனாவுக்காகப் பல்கலைக்கழகங்களைப் பூட்டியபோது எல்லாப் பிள்ளைகளும் ஒரே கிழமையில் ஊருக்குப் போனார்கள். அறை வைத்திருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு எத்தனை மாதம் வாடகை வந்ததென்று அங்கே யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் தொண்டு நிறுவனங்களின் காலம். 2009க்குப் பிறகு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் சொன்ன வாடகைக்கு வீடு எடுத்தார்கள். அதை நம்பி மேல்மாடி கட்டியவர்கள் இருக்கிறார்கள். நிதி முடிந்ததும் பெயர்ப்பலகைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கடன் தவணை மட்டும் போகவில்லை.

கடனைப் பற்றி ஒன்று. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை, அதாவது வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான வட்டியை, 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை அதன் பிறகு எங்கே போனது என்று தெரிந்திருக்கும். இப்போதைய உங்கள் கடன் நிலையான வட்டியா, மாறும் வட்டியா? தெரியாவிட்டால் நாளைக்கே வங்கியில் கேளுங்கள்.

நகை சும்மா கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவியும் அப்படித்தான் நினைக்கிறாரா? காணியும் அவருடையது, நகையும் அவருடையது, கடிதத்தில் அவருடைய எண்ணம் ஒரு வரியும் இல்லை. பாதி கட்டிய வீட்டுக்குக் கதவு போடும் முன்பே அடகு வட்டி ஓடத் தொடங்கிவிடும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மாணவர்களையே நம்பாமல், இடமாற்றத்தில் வருகிற தாதியர், வங்கி ஊழியர் போன்றவர்களுக்கு ஓர் அறையையாவது கொடுக்கப் பாருங்கள். அவர்கள் விடுமுறைக்கு அறையை விடமாட்டார்கள். ஒரு வருட ஒப்பந்தம் என்றால் நொத்தாரிசிடம் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை வெறும் தாளில் எழுதினால் சட்டத்தில் வலு இல்லை.

முன் வீட்டுக்கு 2,000 கூட்டுவது உங்கள் உரிமை. ஆனால் அவர்கள் நேரத்துக்குத் தருகிறவர்கள் என்றால் அவசரப்பட வேண்டாம். கூட்டியதால் அவர்கள் வெளிக்கிட்டு வீடு ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்தால், அந்த 28,000ஐ 2,000 படி மீட்க 14 மாதம் ஆகும். தையில் கேட்கத்தான் வேண்டும் என்றால் கார்த்திகையிலேயே சொல்லிவிடுங்கள், 1,000 மட்டும் கேளுங்கள், குசினிக் கூரை ஒழுகுகிறதென்று முறைப்பாடு இருந்தால் அதை முதலில் திருத்திவிட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா