மகளின் கணக்கு நமக்கே புரியாதபோது

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஏழாவது வரை நானே பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு சொல்லிக் கொடுத்தேன். இப்போது பாதி எனக்கே புரிவதில்லை. உட்கார்ந்தாலே சண்டையில் முடிகிறது, மதிப்பெண்ணும் குறைகிறது. நான் ஒதுங்கிவிடுவதா, இல்லை நானும் படித்துவிட்டுச் சொல்லித் தருவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். சொல்லித் தருவதை நிறுத்துங்கள், கூட இருப்பதை நிறுத்தாதீர்கள்.

நான்சி ஹில், டயானா டைசன் என்ற இருவர், நடுநிலை வகுப்பு மாணவர்களைப் பற்றிய பல ஆய்வுகளை 2009இல் தொகுத்துப் பார்த்தார்கள். படிப்பு ஏன் தேவை, அடுத்து என்ன படிக்கலாம் என்று பிள்ளையோடு பேசும் பெற்றோரின் பங்குதான் தேர்ச்சியோடு அதிகம் ஒத்துப்போனது. வீட்டுப்பாடத்தில் நேரடியாக உதவுவது அப்படி ஒத்துப்போகவில்லை. கொஞ்சம் எதிராகவே இருந்தது. ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைக்குத்தான் பெற்றோர் அதிகம் உதவுகிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் மதிப்பெண் குறைந்ததற்கு உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

சரி, கூட இருப்பது என்றால் என்ன? தினமும் பத்து நிமிடம், அவள் போட்டு முடித்த ஒரே ஒரு கணக்கை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குப் புரியாதது இங்கே நல்லதுதான். தெரிந்தவர் பாதியிலேயே குறுக்கிட்டு விடையைச் சொல்லிவிடுவார். நீங்கள் உண்மையாகவே கேட்பீர்கள். அவளும் தன் படிகளைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கே வாய் தடுமாறுகிறதோ, பெரும்பாலும் அங்கேதான் புரிதலில் ஓட்டை இருக்கும்.

அடுத்து, பழைய விடைத்தாள்கள். மதிப்பெண்ணை விட்டுவிட்டு, தவறுகளை மட்டும் இருவரும் சேர்ந்து பாருங்கள். 5 − (x − 2) என்பதை 3 − x என்று எழுதியிருக்கிறாளா? சரியான விடை 7 − x. அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் கழித்தல் குறி மாறவில்லை. இதே தவறு மூன்று தாள்களில் வந்திருந்தால் அதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. கீழ்வகுப்பில் விட்டுப்போன பாடம் அது. ஒன்பதாம் வகுப்புச் சரிவு பல பிள்ளைகளுக்கு இப்படித்தான் எதிர்மறை எண்களிலோ பின்னங்களிலோ தொடங்கியிருக்கிறது. கணித ஆசிரியரைப் பார்க்கும்போது அந்தத் தாள்களைக் கொண்டுபோங்கள். "என் மகள் எப்படிப் படிக்கிறாள்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது, எந்தப் பயிற்சி கொடுக்கலாம்?" என்று கேட்டால் அவராலும் பிடித்துச் சொல்ல முடியும்.

அப்புறம், "எனக்கும் கணக்கு வராது" என்ற பேச்சே வீட்டில் வேண்டாம். 2015இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கணக்குக்குப் பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது பிள்ளைகள் அந்த ஆண்டு குறைவாகக் கற்றார்கள், அவர்களுக்கும் பயம் கூடியது. அவர்கள் முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகள்தான். ஆனாலும் நம் பதற்றம் பிள்ளைக்குத் தொற்றும் என்பதை நான் பெரிய வகுப்புகளிலும் பார்க்கிறேன்.

இரண்டு வருடச் சண்டைக்குப் பிறகு அவள் உடனே நம்பிப் பேசமாட்டாள். முதல் வாரம் சுலபமான கணக்கையே விளக்கட்டும், நீங்கள் திருத்தாமல் கேளுங்கள். தவறாகச் சொன்னாலும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அந்தக் கணக்கை மறுநாள் ஆசிரியரிடம் அவளே கேட்கட்டும்.