பட்டா மனு தள்ளுபடி: எந்த வக்கீலைப் பார்ப்பது?

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் உள்ள பூர்வீக நிலத்துக்கு அம்மா பெயரில் பட்டா மாறுதல் கேட்டோம். தாசில்தார் தள்ளுபடி செய்துவிட்டார். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவர், "ஹைகோர்ட்டில் ரிட் போடலாம், மெட்ராஸில் நமக்கு வேண்டிய வக்கீல் இருக்கிறார், பட்டா வந்த பிறகு மீதிப் பணம் தந்தால் போதும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். ரிட் என்பது அதிகாரியின் உத்தரவை எதிர்த்து நேரே ஹைகோர்ட்டில் போடும் மனு. விளாத்திகுளம் இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்து ரிட் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குத்தான் போகும். 2004-லிருந்து அப்படித்தான், அதுகூடத் தெரியாதவர் உங்களுக்கு வக்கீல் பிடித்துத் தருகிறாராம். இன்னொன்று, வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேச வக்கீலுக்குப் பார் கவுன்சில் விதி இடம் தருவதில்லை. "பட்டா வந்ததும் மீதி" என்பது புரோக்கர் பேச்சு.

தாசில்தார் உத்தரவுக்கு மேல் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) அப்பீல், அதற்கும் மேல் டிஆர்ஓவிடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) சீராய்வு என்று 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டமே வழி வைத்திருக்கிறது. இதைத் தாண்டி ஹைகோர்ட்டுக்கு ஓடினால், "முதலில் அப்பீல் போங்கள்" என்று திருப்பிவிடுவார்கள். அந்த ஒரு பக்க உத்தரவைக் காட்டி "ஜெயித்துவிட்டோம்" என்று மீதிப் பணம் கேட்கிறவர்களையும் பார்த்தாயிற்று.

ஒரே ஒரு விலக்கு. உங்கள் அம்மாவுக்கு நோட்டீஸே தராமல், விசாரணைக்குக் கூப்பிடாமல் தள்ளுபடி செய்திருந்தால் நேரடியாக ரிட் போட இடமுண்டு. ஆனால் "சரியாக விசாரிக்கவில்லை" என்ற மனக்குறை இதில் சேராது. நோட்டீஸ் வந்து நீங்கள் போகாமல் இருந்தாலும் சேராது. நோட்டீஸ் வாங்கியதாகக் கோப்பில் யாருடைய கையெழுத்தாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கோப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை, முப்பது நாள் கெடு. உங்கள் மனுவின் கதியை நீங்களே தெரிந்துகொள்ள இவ்வளவு பாடு! பதிலுக்காக அப்பீலைத் தள்ளிப்போடாதீர்கள்; அதற்குத் தனிக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியவர் கோவில்பட்டி கோர்ட்டில் நில வழக்கு நடத்தும், ஆர்டிஓ விசாரணைக்குப் போய்ப் பழகிய வக்கீல். முதல் சந்திப்பில் தள்ளுபடி உத்தரவை நீட்டுங்கள். அதைப் படிக்காமலே ஃபீஸ் சொல்கிறவரை விட்டுவிடுங்கள். உத்தரவில் "உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும்" என்று இருந்தால் பாதை வேறு, சிவில் கேஸ்தான். அரசையும் எதிர்வாதியாகச் சேர்ப்பதானால் பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பு நோட்டீஸ் தர வேண்டும்.

பணம் இல்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100.

யாராக இருந்தாலும், நிரப்பாத வக்காலத்தில் (வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரம்) அம்மா கையெழுத்துப் போடக் கூடாது. ஒருவர் வக்காலத்துத் தாக்கல் செய்துவிட்டால், பிறகு வக்கீலை மாற்ற அவருடைய சம்மதமோ கோர்ட்டின் அனுமதியோ வேண்டியிருக்கும்.