கேள்வி – பதில்: கடைவீதியில் எத்தனை மாடி?

கேள்வி: காரைக்குடிக் கடைவீதியில் பழைய செட்டிநாட்டு வீடொன்றை இடித்துவிட்டுப் பத்து மாடி வணிக வளாகம் கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. "மாநகராட்சியான ஊர் வளர வேண்டாமா?" என்கிறார்கள் கடைக்காரர்கள், "ஊரின் முகமே போய்விடும்" என்கிறார்கள் எங்கள் தெருவார். தாங்கள் எந்தப் பக்கம்?

பதில்: மாடிகளை எண்ணிப் பக்கம் பிரிவதில் எனக்கு உடன்பாடில்லை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயரமான கட்டடம். தாண்டிவிட்டால் சாலையின் அகலம், சுற்றிலும் விட வேண்டிய இடம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என நிபந்தனைகள் இறுகிவிடும். எனவே நெருக்கமான பழைய கடைவீதியில் பத்து மாடி என்பது பெரும்பாலும் பேச்சோடு நின்றுவிடும். அந்த வரம்புக்குள் அடங்கி, யாரும் கேள்வி கேட்காமல் எழும் நான்கைந்து மாடிகளே என் கவலை.

முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டை இடித்தால், இரு தெருவையும் தொடும் ஒரே மனை கிடைக்கிறது. கண்ணாடி முகப்பு கடைவீதியைப் பார்த்து நிற்க, சரக்கு லாரியும் ஜெனரேட்டர் புகையும் குப்பையும் குறுகலான பின்தெருவுக்கு வந்து சேரும். வீட்டின் நடுவேயுள்ள வளவு முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போன மழைநீரும் சாலையில் தேங்கும். வாகன நிறுத்தமும் சரக்கு இறக்குமிடமும் மனைக்குள்ளேயே இருக்க வேண்டும், மழைநீரை உள்ளேயே சேமிக்க வேண்டும் என்று தங்கள் தெருவார் மாநகராட்சியிடம் எழுதிக் கொடுப்பது, உயரத்தைப் பற்றிக் கோஷமிடுவதைவிடப் பயன் தரும்.

உயரத்தைக் கட்டுப்படுத்தவே கூடாதா என்றால், முன்னுதாரணம் இருக்கிறது: மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்பது அரசாணை. அங்கும் மீறல்கள் நீதிமன்றம் வரை போயின என்பது வேறு கதை. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதிக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியல் எந்த வீட்டையும் இடிப்பிலிருந்து காப்பாற்றாது. ஊரின் முகத்தைப் பற்றி உரக்கப் பேசுவோரில் சிலர் வீட்டுப் பர்மா தேக்குத் தூண்கள் எப்போதோ பழம்பொருள் கடைக்குப் போய்விட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: பங்காளிகளில் ஒருவர் மட்டும் தம் பங்கை வெளியாருக்கு விற்றால், வாங்கியவர் இடிக்கத் தொடங்கிவிட முடியுமா?

பதில்: முடியாது. பாகம் பிரியாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாருக்குக் கூட்டு அனுபோகம், அதாவது குடும்பத்தாரோடு சேர்ந்து அந்த வீட்டில் குடியிருக்கவோ அதைப் பயன்படுத்தவோ கோரும் உரிமை இல்லை என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. அவர் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தால், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ளப் பங்காளிகள் கோரலாம். பணத்தைத் திரட்டுவதற்கு, பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இருந்தாக வேண்டும்.