பாதிச் சொல்லும் பாதிப் பொருளும்

கேள்வி: என் ஏழு வயது மகளுக்கு 'அஸ்டிக்மாட்டிசம்' என்று கண் டாக்டர் எழுதிக் கொடுத்தார். அகராதியில் 'ஸ்டிக்மா' என்றால் களங்கம் என்று இருக்கிறது. பெண் குழந்தைக்கு இப்படியொரு பேரா என்று மனசு கேட்கவில்லை. கண்ணாடி வாங்குவதை மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். இந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அகராதியில் பாதிச் சொல்லைத்தான் பார்த்திருக்கிறீர்கள், அம்மா. முன்னால் நிற்கும் 'அ'வை விட்டுவிட்டீர்கள். நியாயம், அநியாயம் என்கிறோமே, கிரேக்க மொழியிலும் அந்த 'அ'வுக்கு 'இல்லை' என்றே பொருள். 'ஸ்டிக்மா' என்பது கூர்முனையால் குத்திய தடம், புள்ளி. அடிமைகளின் உடம்பில் குத்திய அடையாளத்தையும் அப்படியே அழைத்ததால், களங்கம் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. கண் மருத்துவத்துக்கு வந்தது புள்ளி மட்டும்தான். ஒளி ஒரே புள்ளியில் கூடாமை, அவ்வளவுதான் அஸ்டிக்மாட்டிசம்.

பந்துபோல எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருக்க வேண்டிய கார்னியா (கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான படலம்), கரண்டியின் முதுகுபோல ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருக்கும். ஒளி ஒரே இடத்தில் குவியாது. எழுத்து இழுபட்டுத் தெரியும்.

இந்தக் குறையை 1801-இல் ஆங்கிலேய விஞ்ஞானி தாமஸ் யங் தன் கண்ணிலேயே கண்டறிந்து சொன்னார். கண்ணைத் தண்ணீரில் அமிழ்த்தி, கார்னியாவின் வேலையை நீக்கிப் பார்த்தும் குறை மாறவில்லை. ஆக அவருக்குக் கோளாறு உள்ளே இருக்கும் லென்ஸில். அதே ஆண்டு பிறந்த ஜார்ஜ் ஏரிக்கு இடது கண்ணில் இதே குறை. விளக்கின் புள்ளி கோடாக நீண்டு தெரிந்தது. அவர் நொந்துகொண்டு உட்காரவில்லை. கணக்குப் போட்டு, 1825-இல் உருளை வளைவுள்ள லென்ஸ் செய்வித்து அணிந்தார். உங்கள் சீட்டில் 'சிலிண்டர்' என்று இருப்பது அந்த உருளைதான். பின்னாளில் அவர் பிரிட்டனின் அரச வானியலாளர். அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர் வில்லியம் ஹ்யூவெல் இட்ட பெயர்தான் உங்களை உறுத்துகிறது.

சொல்லைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். எனக்குக் கவலை அந்த மூன்று மாதம். சின்ன வயதில் மங்கலான படமே போய்க்கொண்டிருந்தால், தெளிவாகப் பார்க்க மூளை பழகாமலே போகலாம். 'சோம்பேறிக் கண்' என்பது அதுதான். வளர்ந்தபின் கண்ணாடி போட்டாலும் அதை முழுதாக மீட்பது கடினம். சீட்டு பழசாகிவிட்டது. மறுபடி டாக்டரிடம் காட்டி, இந்த வாரமே கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். ஃபிரேமைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்.