டிப்ஸ்: கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேற்கு மாம்பலத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத பழைய ஃப்ளாட். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் பில்லுக்கு மேல் ஐம்பது ரூபாய் வாங்குகிறார். கேட்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. மீதிச் சில்லறையைத் தருவதில்லை, அவ்வளவுதான். சென்ற முறை, "பில்லில் இருப்பதுதான் விலை" என்று சண்டை போட்டு மீதியை வாங்கிவிட்டேன். அடுத்த சிலிண்டர் வழக்கத்தைவிட நான்கு நாள் தாமதம். என் மனைவி மாடிப்படியில் பின்னாலேயே போய் ஐம்பதைக் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டு வந்தாள்.

மகள் நாவலூரில் இருக்கிறாள். தினமும் எதையாவது ஆப்பில் வரவழைக்கிறாள். டிப்ஸ் என்ற பேச்சே கிடையாது. "டெலிவரி சார்ஜ்தான் வாங்கறாங்களேப்பா" என்கிறாள். டெலிவரி ஆட்கள் மெயின் லிஃப்டில் ஏறக் கூடாது என்று அவர்கள் அபார்ட்மென்ட்டில் நோட்டீஸ் வேறு. மகன் டல்லஸில். அங்கே போயிருந்தபோது ஹோட்டலில் இருபது சதவீதம் வைத்தான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. யாருக்கு, எவ்வளவு, எதற்காகக் கொடுக்க வேண்டும்? கொடுத்துக் கொடுத்து நாமே இவர்களைக் கெடுக்கிறோமா?

எஸ்., சென்னை - 33

*

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் பில்லைப் பார்த்தீர்கள், உங்கள் மனைவி மாடிப்படியைப் பார்த்தார். இரண்டுமே பார்க்க வேண்டியவைதான்.

எவ்வளவு என்பதற்குப் பிறகு வருகிறேன். இந்த விஷயத்தில் நான் முதலில் கேட்டுக்கொள்வது வேறு கேள்வி. கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, ஆனாலும் கொடுக்கத் தோன்றுகிறது என்றால் அது டிப்ஸ். கொடுக்காவிட்டால் வேலை நின்றுவிடும், தாமதமாகும், முகம் மாறும் என்றால் அது டிப்ஸ் இல்லை. வேறு ஏதோ ஒன்று டிப்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

உங்கள் சிலிண்டரையே எடுத்துக்கொள்வோம். உள்ளே 14.2 கிலோ கேஸ். காலி உருளை அதைவிடக் கொஞ்சம் கூட. மொத்தம் ஏறக்குறைய 30 கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் மூன்று மாடி ஏறுகிறார், காலி உருளையோடு இறங்குகிறார். சட்டப்படி நீங்கள் பில்லுக்கு மேல் ஒரு பைசா தர வேண்டியதில்லை. டெலிவரிக்கான தொகை ஏஜென்சிக்குப் போகும் கமிஷனிலேயே இருக்கிறது. நீங்களே கிடங்குக்குப் போய் எடுத்து வந்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு கொடுக்க வேண்டும் என்பதும் விதி. யாரும் போவதில்லை என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் அந்தக் கமிஷனில் தூக்குகிறவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பது ஏஜென்சிக்காரர் மனசு. தூக்குகிறவர் எண்ணெய் நிறுவனத்தின் ஊழியர் இல்லை, ஏஜென்சி வேலைக்கு வைத்திருக்கும் ஆள். நிறைய இடங்களில் சிலிண்டர் எண்ணிக்கைக்குத்தான் கூலி. தரைத்தளம் என்றாலும் மூன்றாவது மாடி என்றாலும் அதே கூலி.

தண்ணீர் கேன் போடுகிறவரோடு உங்களுக்கு இந்தச் சண்டை வந்திருக்காது. "மாடிக்கு அஞ்சு ரூபா எக்ஸ்ட்ரா சார்" என்று முதல் நாளே சொல்லியிருப்பார். நீங்களும் சரி என்றிருப்பீர்கள். அவர் வெளிப்படையாகக் கேட்பதைத்தான் கேஸ்காரர் மீதிச் சில்லறையைத் தராமல் வாங்குகிறார். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். "மூணு மாடி ஏறி வர்றீங்க, ஒவ்வொரு தடவையும் முப்பது ரூபா தர்றேன், மீதியை எண்ணிக் கொடுத்துடணும்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அது மாடிக்கூலி. கூடவே அவர் செய்ய வேண்டிய வேலையையும் கேட்டு வாங்குங்கள். சிலிண்டரை உங்கள் முன்னால் எடை போட்டுக் காட்ட வேண்டும். காலி எடை மேல் பகுதியிலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2ஐக் கூட்டிப் பார்த்தால் போதும். சீலை உடைத்து, வாஷர் சரியாக இருக்கிறதா, கசிகிறதா என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். நாம் எடை போடச் சொல்வதே இல்லை, ஐம்பது ரூபாய்க்கு மட்டும் கோபப்படுகிறோம்.

நான்கு நாள் தாமதம் வேறு கணக்கு. அது தற்செயல் என்றால் சரி. மீதியைத் திருப்பி வாங்கியதற்கான தண்டனை என்றால் ஏஜென்சியிலும், அங்கே அசையவில்லை என்றால் நிறுவனத்திலும் புகார் கொடுங்கள். முதுகு வலிக்காகப் பரிதாபப்படலாம். பழிவாங்கலுக்குப் பணம் கட்டக் கூடாது.

கொடுக்காவிட்டால் வேலை நடக்காது என்கிற முகம் இன்னும் மோசமாகத் தெரிகிற இடம் அரசு மருத்துவமனை. என் சித்தி மகளுக்குப் பிரசவமானபோது, லிஃப்ட் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது நின்றபடி நின்றது. தள்ளிக்கொண்டு வந்தவர் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். சித்தப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனதும் சக்கரம் உருண்டது. குழந்தையைக் காட்ட ஆண் என்றால் ஒரு ரேட், பெண் என்றால் ஒரு ரேட் என்பதெல்லாம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை "சந்தோஷமா ஏதாவது குடுங்க" என்றுதான் கேட்பார்கள். சந்தோஷமாவது ஒன்றாவது, லஞ்சம். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருடைய ஒப்பந்தச் சம்பளம் குறைவு என்பதும் உண்மைதான். அதற்காகப் பிரசவ வலியில் கிடக்கிறவளைப் பணயம் வைக்க முடியாது.

இதையே நாசூக்காக வாடகை வண்டி ஆப்பும் செய்தது. மழை நாளில் கிண்டி ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு வண்டி பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், "கூடுதலாக இருபது, முப்பது சேர்த்தால் சீக்கிரம் கிடைக்கலாம்" என்று கீழே ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். 2025 மே மாதம் ஊபர் நிறுவனத்துக்கு இதற்காகத்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. டிப்ஸ் என்பது சேவை முடிந்த பிறகு மனம் உவந்து தருவது, முன்கூட்டியே கேட்பது முறையல்ல என்று அமைச்சர் பிரகலாத் ஜோஷியே சொன்னார். பயணம் முடிந்த பிறகுதான் கேட்கலாம், தொகை முழுவதும் ஓட்டுநருக்கே போக வேண்டும் என்று அந்த ஆண்டு டிசம்பரில் மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் சேர்த்தார்கள். வண்டி வருவதற்கு முன் கொடுப்பது ஏலம். ஏலம் எடுப்பவர் தொகையைக் கூட்டிக்கொண்டே போகிறார், அவ்வளவுதான்.

உங்கள் மகன் வைத்த இருபது சதவீதத்துக்கு வயிற்றைக் கலக்கிக்கொள்ளாதீர்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அந்த எண் மாறவே இல்லை. டல்லஸ் இருக்கிற டெக்சாஸ் மாநிலத்திலும் அதுதான். மற்றவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். டிப்ஸும் சேர்த்து அந்த அளவு வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. போட்டாரா என்று கேட்டுச் சண்டை போடும் நிலையில் பரிமாறுகிற பெண் இருக்க வேண்டுமே. ஆக, உங்கள் மகன் மேசையில் வைத்தது அந்தப் பெண்ணின் சம்பளத்தின் பெரும்பகுதி. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் இந்த இரட்டைக் கணக்கு கிடையாது, முழுக் கூலியையும் முதலாளிதான் கொடுக்க வேண்டும். அங்கேயும் டிப்ஸ் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.

இப்போது உங்கள் மகள் வீட்டுக்கு வருவோம். சாப்பாடு கொண்டுவருகிறவருக்குக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், நாளைக்கு வேறு ஆள் வருவார். பயமில்லாமல், கட்டாயமில்லாமல் கொடுக்கக்கூடிய இடம் இதுதான். இங்கேதான் நாம் கையை இறுக்கிக்கொள்கிறோம். ஜொமேட்டோவை நிறுவிய தீபிந்தர் கோயல் 2026 ஜனவரித் தொடக்கத்தில் ஒரு கணக்கு வெளியிட்டார். அவர்கள் ஆர்டர்களில் ஏறக்குறைய 5 சதவீதத்துக்குத்தான் டிப்ஸ் வருகிறதாம். சராசரி போட்டால் ஓட்டுகிறவருக்கு மணிக்கு 2.6 ரூபாய். சென்னையில் ஒரு டீ குடிக்க ஆறு மணி நேர டிப்ஸைச் சேர்க்க வேண்டும்.

"டெலிவரி சார்ஜ்தான் வாங்கறாங்களே" என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற வாக்கியம். நாம் கட்டும் டெலிவரி சார்ஜும் அவருக்குக் கிடைக்கும் தொகையும் ஒன்றல்ல. ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்பதைத் தூரத்தையும் நேரத்தையும் வைத்து கம்பெனி முடிவு செய்கிறது. பில்லில் தனியாக இருக்கும் பிளாட்ஃபார்ம் கட்டணம் கம்பெனிக்குத்தான். பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் அவர் கையிலிருந்து. சதவீதக் கணக்கு இங்கே பொருந்தாது. நூற்றைம்பது ரூபாய் இட்லிக்கும் ஆயிரத்தைந்நூறு ரூபாய் பிரியாணிக்கும் ஒரே பெட்ரோல்தான். நான் சாதாரண நாளில் இருபது, முப்பது கொடுப்பேன். மழை, இரவு பத்துக்கு மேல், லிஃப்ட் இல்லாத மாடி என்றால் ஐம்பது. ஆப்பில் போட்டால் முழுவதும் ஓட்டுகிறவருக்கே போகிறது என்று கம்பெனிகள் சொல்கின்றன. ஆனாலும் எனக்குக் கையில் கொடுப்பதுதான் பிடிக்கும், அன்றைக்கே பெட்ரோலுக்கு ஆகும். ஜிபேயில் போடுகிறேன் என்று சொல்லி, நெட் வரவில்லை என்று வாசலில் நிறுத்தி வைப்பதற்குக் கொடுக்காமலே இருக்கலாம்.

ஏனென்றால் அவருக்கு நேரம்தான் காசு. நாவலூர் கேட்டில் ஒரு நாள் நின்று பாருங்கள். செக்யூரிட்டி நோட்டில் பேர், ஃப்ளாட் நம்பர், வண்டி நம்பர், வந்த நேரம் எழுத வேண்டும். பேனா எழுதாது. மேலே போன் போட்டால் எடுக்க மாட்டார்கள். எடுத்து "விடுங்க" என்றதும் சர்வீஸ் லிஃப்டுக்குப் போனால், அதில் யாரோ பழைய சோஃபாவைப் பாதி ஏற்றி மாட்டிக்கொண்டு நிற்பார்கள். பக்கத்திலேயே மெயின் லிஃப்ட் காலியாக, கதவைத் திறந்துகொண்டு நிற்கும். பதினோராவது மாடி. கதவு ஒரு சாண் திறந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து பையை வாங்கிக்கொள்ளும். "ஏன் இவ்ளோ லேட்டு?" என்று ஒரு கேள்வியும் வரும். இதில் போன கால் மணி நேரத்துக்குள் அடுத்த ஆர்டர் கைநழுவிப் போயிருக்கும், அன்றைய இன்சென்டிவும் தள்ளிப்போகும். நம் இருபது ரூபாய் இதை ஈடுகட்டாது. லொகேஷனைச் சரியாகப் போடுவது, போனை எடுப்பது, முடிந்தால் கீழே இறங்கி வருவது, இதெல்லாம்தான் முதல் மரியாதை. டிப்ஸ் அதற்கப்புறம்.

அந்த லிஃப்ட் நோட்டீஸ் எனக்குப் பொறுக்கவில்லை. சென்னை மாநகராட்சி இவர்களுக்காக 2025இல் அண்ணா நகரில் கழிப்பறையோடு ஏசி ஓய்வறையே கட்டிக் கொடுத்தது. நம் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் நம்மோடு ஒரே லிஃப்டில் நின்றால் என்ன ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறோம்? பழைய வீடுகளில் கொல்லை வாசல் என்று ஒன்று இருந்தது, யாருக்காக இருந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோட்டல் பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அப்படிச் சேர்க்கக் கூடாது என்ற 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. எடுத்துவிட்டு, பரிமாறியவர் கையில் நீங்களே கொடுங்கள். வீட்டு வேலை செய்கிற அம்மாவுக்கு டிப்ஸ் பேச்சே வேண்டாம், சம்பளத்தைக் கூட்டுங்கள், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். குப்பை அள்ளுகிறவர்களுக்குத் தீபாவளிக் காசு தாராளமாகக் கொடுக்கலாம், அவர்கள் கையில் உங்களை மிரட்ட எந்த அதிகாரமும் இல்லை.

"நாமே கெடுக்கிறோமா" என்றீர்கள். வாங்குகிறவர் முப்பது ரூபாயில் கெட மாட்டார். கெட வாய்ப்புள்ளவர்கள் கம்பெனிக்காரர்கள். அமெரிக்காவில் டோர்டாஷ் என்ற உணவு டெலிவரி கம்பெனி, வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸை வைத்தே, தான் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட கூலியை ஈடுகட்டிக்கொண்டது 2019இல் அம்பலமானது. பிறகு நியூயார்க் மாநிலத்துக்கு மட்டும் 1 கோடியே 67.5 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். அமேசானும் இதே மாதிரி ஒரு வழக்கில் 6 கோடியே 17 லட்சம் டாலர் கட்டியது. இங்கே அது நடக்காது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் டிப்ஸையும் கொடுங்கள், டெலிவரி ஆட்கள் கூலி உயர்வு கேட்டு 2025 டிசம்பர் 31 போல மறுபடி வேலைநிறுத்தம் செய்தால் "சாப்பாடு வரலையே" என்று திட்டாமலும் இருங்கள்.

உங்கள் மனைவிக்கு என் வணக்கம். மாடிக்கூலி முப்பதா ஐம்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். மகளிடம் அசோசியேஷன் கூட்டத்தில் லிஃப்ட் நோட்டீஸைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதினால் இங்கேயே போடுகிறேன்.